ஸ்டெப்னி விட்டுவைத்த ஓட்டை

லாரிக்கு ஸ்டெப்னி வைத்திருப்பவர்களை ஊர் உலகத்தில் பார்த்திருப்பீர்கள். காலுக்கு ஸ்டெப்னி வைத்துக்கொண்டு பந்தயம் ஓடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவர் நாமக்கல்காரர், என் சிநேகிதர். இதை நான் அடித்துச் சொல்லுவேன். என் பட்டறையில் கட்டிய லாரி பாடி ஓடாத ரோடு இந்த தேசத்தில் இல்லை. அந்த ரோட்டையெல்லாம் பார்த்து வருகிற டிரைவர்கள் என்னிடம் ஒரு டீ குடித்து ஊர்க்கதை சொல்லாமல் போனதும் இல்லை. அப்படி இன்னொரு ஆள் எங்கேயாவது இருந்திருந்தால் எனக்குச் சேதி வந்திருக்கும்.

நான் நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. இன்றைக்கு இன்ஜினியர் படித்த பையன்கள் என் முன்னால் கை கட்டி நின்று சந்தேகம் கேட்கிறார்கள். அதனால் நான் சொல்வதில் எழுத்துப் பிழை இருக்கலாம், விஷயப் பிழை இருக்காது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் எனக்கே மறந்துபோய்விட்டது. பழைய லாரி வாங்கி விற்றுக் கொடுக்கிற புரோக்கர். வண்டி பார்க்கப் போனால் எல்லாரும் இன்ஜினைத் திறப்பார்கள். இவர் நேராகப் பின்பக்கம் போய், அடியில் தொங்குகிற ஸ்டெப்னி டயரைத் தட்டிப் பார்ப்பார்.

"ஓடற டயரு பொய் சொல்லுமுங்க. ஸ்டெப்னி சொல்லாது. ஸ்டெப்னிய நல்லா வச்சிருக்கறவன் பொண்டாட்டி புள்ளையவும் நல்லா வச்சிருப்பான்."

அப்படி வந்த பேர். இந்த வார்த்தைக்கு நம்ம பக்கம் சின்னவீடு என்று வேறொரு அர்த்தமும் உண்டு. அந்த அர்த்தத்தில் அவரை யாராவது சந்தேகப்பட்டால், அவர்கள் அவர் சம்சாரத்தை நேரில் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன்னாலேயே பாதி நோய் பயந்து ஓடிவிடும். ஊரே அவரை சிஸ்டர் என்று கூப்பிடும். ஸ்டெப்னியும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். தாலி கட்டிய சம்சாரத்தை சிஸ்டர் என்று கூப்பிட்டு, அதற்கு "என்னுங்க" என்று பதிலும் வாங்கிய ஆம்பளை வேறு யாராவது இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஸ்டெப்னியிடம் எல்லாமே ரெண்டு. மூக்குக் கண்ணாடி ரெண்டு. வீட்டுச் சாவி ரெண்டு. மழைக்காலத்தில் குடை ரெண்டு. ஒன்றை விரித்துப் பிடித்திருப்பார், இன்னொன்று நனைந்துவிடாமல் கக்கத்தில் இருக்கும். ஒரு தடவை பைனான்ஸ்காரர் ஒருவர் செத்துப்போய்விட்டார். துக்கத்துக்குப் போன ஸ்டெப்னி பையில் ரெண்டு ரோஜா மாலை எடுத்துப் போனார். "ஒண்ணு உதுந்து போச்சுன்னா என்ன பண்றதுங்க" என்பது அவர் கணக்கு. முதல் மாலையைப் போட்டார். அது உதிரவில்லை. ரெண்டாவது மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் போடலாம் என்று சுற்றிலும் பார்த்தார். செத்தவரின் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். நான்தான் கிரவுண்டுக்கு அழைத்துப் போனேன். எனக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, இந்த வயசிலும் வேப்பங்குச்சியைக் கடித்தே ஒடிப்பேன். ஆனாலும் விடிகாலையில் நாலு பேரோடு பேசிக்கொண்டு ஓடுகிற சுகம் தனி. எங்கள் கூட்டத்தில் முட்டை வியாபாரி ஒருவர் உண்டு. முட்டையண்ணன் என்போம். ஓடுவதை விட ஓடுகிறவர்களைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு மூச்சு அதிகம்.

ஓட ஷூ வேண்டுமே. சேலத்தில் பெரிய கடைக்குக் கூட்டிப் போனேன். விற்கிற பையன் நாலைந்து பெட்டியைப் பிரித்து வைத்தான். ஸ்டெப்னி எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள்ளும் கையை விட்டுத் துழாவினார்.

"ஏன் சாமி, இதோட ஸ்டெப்னி எங்க?"

"என்னது சார்?"

"வண்டி வாங்குனா கூட ஒரு டயரு குடுக்கறானல்ல. அதாட்டம் ஒத்தை ஷூ."

"ஷூ ஜோடியாத்தான் சார் வரும்."

"ஏன் சாமி, ரெண்டு காலும் ஒரே நேரத்துல பஞ்சராகுமா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஒத்தை ஷூ கொடுக்கமாட்டேன் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றதால், ரெண்டு ஜோடி வாங்கினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஒரு உண்மை உறைத்தது. லாரியில் ஸ்டெப்னி எந்தச் சக்கரத்துக்கும் போகும். ஷூவில் இடது வேறு, வலது வேறு.

"இத ஒருத்தனும் சொல்லலியே மொதலாளி" என்று என்னிடம் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். என்னை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார், அவர் வயசுதான் எனக்கும். பெரிய ரோசனைக்குப் பிறகு இடதுகால் ஷூவை ஸ்டெப்னியாக எடுத்தார். "ஆணி கெடக்கறதெல்லாம் ரோட்டுக்கு எடது ஓரந்தானுங்களே." அன்றிலிருந்து இடுப்பில் ஒரு கயிறு, அதில் பின்பக்கமாகத் தொங்கும் ஒரு இடதுகால் ஷூ. அவர் ஓடும்போது அது ஆடி ஆடிப் பின்னால் உதைக்கும். பின்னால் யாரோ உதைத்து விரட்டுகிற மாதிரியே இருக்கும். வெளியூர்க்காரர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள்.

அந்த ஷூவை அவர் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. லேஸ் கோக்கிற ஓட்டைகளுக்கு மேலே, கணுக்கால் பக்கத்தில், கூடுதலாக ஒரு ஓட்டை சும்மா இருந்தது. கடையிலேயே அதைக் காட்டி எனக்கு விளக்கினார்.

"பாத்தீங்களா, ஓட்டைக்கும் ஸ்டெப்னி குடுத்திருக்கறான். கம்பெனிக்காரன் நம்மாளுங்க."

அந்த ஓட்டையில் லேஸை விடவே மாட்டார். அது அவசரத்துக்கு.

இனிமேல்தான் கெரகமே. ஸ்டெப்னி ஓட ஆரம்பித்தால் லேஸ் அவிழ்ந்துவிடும். அவிழாவிட்டால் ஷூ தொளதொளவென்று கழன்றுவரும். எனக்கு, முட்டையண்ணனுக்கு, யாருக்கும் இப்படி ஆவதில்லை. அவர் ஒவ்வொரு வாரமும் ஒரு புது வித்தையோடு வருவார்.

முதலில், லோடு மேல் தார்ப்பாய்க்குக் கயிறு போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், ஒரு சுண்டு சுண்டினால் அவிழும். வடக்கே பனியிலும் மழையிலும் அவிழாத முடிச்சு. அன்றைக்கும் அவிழவில்லை. ஓடி முடித்த பிறகும் அவிழவில்லை. சுண்டிப் பார்த்தார், கடித்துப் பார்த்தார். அப்படியே வீட்டுக்குப் போய், சிஸ்டர் டியூட்டி முடிந்து வருகிற வரைக்கும் வாசலில் நின்றார். அன்றைக்குக் கிருத்திகை வேறு. நடுவில் கோயிலுக்குப் போனவர் ஷூவோடு உள்ளே போக முடியாமல், தேர் நிற்கிற தேர்முட்டியில் நின்றே சாமியைக் கும்பிட்டுத் திரும்பினார். சாயங்காலம் சிஸ்டர் வந்து கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியால் லேஸை வெட்டினார். ஸ்டெப்னி லேஸ் தயாராக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது; கோத்ததென்னவோ கடையில் வாங்கிய புது லேஸ்.

அடுத்து சைக்கிள் டியூப். அதைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கோத்துக்கொண்டார். குனியவே வேண்டாம், காலை நுழைத்தால் போதும். நன்றாகத்தான் இருந்தது, வளைவில் அது அறுந்து பறந்து முட்டையண்ணன் காதில் அடிக்கும் வரைக்கும். அண்ணன் காதைப் பிடித்துக்கொண்டு, "ஓட வந்தனா, கவணுக்கு நிக்க வந்தனா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு பர்ரென்று பிரித்து ஒட்டுகிற பட்டை வைத்த ஷூ. அவர் வீடு இருப்பது கோழிப் பண்ணைக்குப் பக்கத்தில். வாசலில் கழற்றி வைத்த ஷூவின் பட்டையில் பண்ணையில் இருந்து பறந்து வந்த இறகெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் ஷூ எது, கோழி எது என்று தெரியவில்லை. முட்டையண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்பங்க மொட்டு வெக்கும்? சொன்னா முட்டைய நானே எடுத்துக்கறேன்" என்றார்.

கடைசியாக என் பட்டறைக்கே வந்தார். ரேடியேட்டர் ஹோசை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளிப் ரெண்டு கேட்டார். ஷூ மேல் அதைச் சுற்றி ஸ்குரூ டிரைவரால் திருகினால் லேஸே தேவையில்லை என்றார். என் பட்டறையில் இல்லாத கிளிப்பா. கொடுத்தேன். மறுநாள் விடிகாலையில் அவர் கிரவுண்டுக்கு வருகிற வழியில், வரிசையாக லாரி நிற்கிற இடத்தில், ரோந்து போலீஸ் பிடித்துக்கொண்டது. இடுப்பில் ஒரு ஷூ, கையில் ஸ்குரூ டிரைவர்.

"யாருய்யா நீ, டயரு கழட்ட வந்தவனா?"

"இல்லீங்க சார். ஷூ கழட்ட."

நான் போய்ச் சொல்லித்தான் விட்டார்கள். அந்த ஸ்டேஷனில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. நல்ல விதமாகத்தான்.

இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புத்தான். ஒரு நாள் சிரிப்பு நின்றது.

அன்றைக்கு ஸ்டெப்னி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருந்தேன். பார்த்தால் அவர் வலது காலில் ஷூ இல்லை. எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. சாக்ஸ் கிழிந்து, மண்ணும் ரத்தமுமாக, மனிதர் பாட்டுக்குக் கையை வீசி ஓடுகிறார்.

"ஸ்டெப்னிண்ணா, ஷூ எங்க?"

"கால்லதானுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். அப்புறம் நின்றுவிட்டார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அந்தக் காயம் ஆறுவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. ஆறிய பிறகு சிஸ்டரே கிரவுண்டுக்கு வந்தார். எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"அவருக்குப் பாதத்துல உணர்ச்சி இல்லீங்க. சர்க்கர தின்னுருச்சு. ஷூவு இறுகி இருக்குதா, லூசா இருக்குதா, இருக்குதா இல்லியான்னே அவருக்குத் தெரியாது. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். நீங்கெல்லாம் முடிச்சு வித்தைன்னு சிரிச்சீங்க. நான் ஆஸ்பத்திரியில தெனமும் காலை எடுத்தவங்களுக்குக் கட்டுக் கட்டறவ. இனி ஓட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஊட்டுக்குள்ளயே நடக்கட்டும்."



அன்று மதியம் ஸ்டெப்னி பட்டறைக்கு வந்து, பாதி கட்டிய பாடி மேல் உட்கார்ந்தார்.

"லாரி வாங்கறவன் எல்லாம் இப்ப போன்லயே பாத்து வாங்கிக்கறான் மொதலாளி. என்னைய ஆரும் தேடறதில்லை. கிரவுண்டுக்கு ஒரு நாளு லேட்டானா மட்டுந்தான், 'என்னடா ஸ்டெப்னியக் காணோம்'னு நாலு பேரு கேக்கறீங்க. அதயும் உட்டுட்டா நான் எங்கீங்க போவேன்?"

நான் ஆளைப் பார்த்துப் பேசுகிறதில் கெட்டிக்காரன், மந்திரியிடம் கூடப் பேசியிருக்கிறேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் சிஸ்டரிடம் பேசினேன். சிஸ்டர் ஒரு நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார், முடித்துவிட்டுச் சொன்னார்.

"சேரிங்கண்ணா. எங்க டாக்டரு சர்க்கரக்காரங்களுக்கு ஒரு ஓட்டம் வெக்கறாரு. அதுல ஓடட்டும். வேகமா மாட்டோணும், கழலாம ஓடோணும், வந்து சேந்தப்பறம் நான் காலப் பாப்பேன். ஒரு சிராய்ப்பு, ஒரு கொப்புளம் இருந்துச்சுன்னா அன்னிக்கே அந்த மூணு ஷூவையும் அட்டாலிப் பரண்ல போட்டுப் பூட்டிருவேன். ரெண்டு சாவியும் எங்கிட்டத்தான் இருக்கும்."

அந்த ஓட்டமே ஒரு வினோதம். வைத்தவர் இளவயசு டாக்டர். சர்க்கரைக்காரர்கள் ஷூ மாட்டும் போதுதான் தப்புப் பண்ணுகிறார்கள், ஓடும்போது அல்ல என்பது அவர் கட்சி. அதனால் எல்லாரும் வெறுங்காலோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். விசில் அடித்ததும் ஷூவைக் கவிழ்த்து உதறி, சாக்ஸ் போட்டு, ஷூ மாட்டி, லேஸ் கட்டிவிட்டு ஓட வேண்டும். பரமத்தி ரோட்டில் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். வந்ததும் நர்சுகள் காலைச் சோதிப்பார்கள். லேஸ் அவிழ்ந்திருந்தாலும் காயம் இருந்தாலும் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. சர்க்கரை இல்லாத பெரியவர்களும் ஓடலாம் என்றதால் நானும் முட்டையண்ணனும் பேர் கொடுத்தோம்.

ஸ்டெப்னி ராப்பகலாகப் பழகினார். பஸ்ஸுக்கு நிற்கும்போது மாட்டிக் கழற்றுவார். ஒரு கல்யாணப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் மாட்டிக் கழற்றினார். பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

பந்தயத்தன்று நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி இருந்தது. என் இடது பக்கம் முட்டையண்ணன். வலது பக்கம் ஸ்டெப்னி, இடுப்பில் அந்த இடதுகால் ஷூவோடு. முடிகிற இடத்தில் சிஸ்டர் வெள்ளைத் துணி விரித்து, கையுறை போட்டு, ஆப்பரேஷனுக்கு நிற்கிறவர் போல நின்றார்.

விசில் அடித்தது.

அதுவரைக்கும் நாமக்கல்லில் இவ்வளவு தொப்பை இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. குனிந்தால் கால் தெரியவில்லை, கால் தெரிந்தால் மூச்சு வரவில்லை. ஒருத்தர் சாக்ஸைக் கையில் போட்டுக்கொண்டு கால் எங்கே என்று தேடினார். ஒரு நாற்காலி காலை விரித்துக்கொண்டு ஆளோடு தரைக்குப் போனது. எனக்குச் சற்றுத் தாமதமானதற்குத் தொப்பை காரணம் அல்ல, நாற்காலி உயரம் சரியில்லை. முட்டையண்ணன் கில்லாடி. லேஸை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார். தோசைக் கரண்டியைக் குதிகாலுக்குப் பின்னால் செருகி, சளக் சளக்கென்று ரெண்டு காலையும் உள்ளே தள்ளி, கரண்டியோடு ஓடிவிட்டார்.

ஸ்டெப்னி அழகாக மாட்டினார். உதறினார், சாக்ஸை மடிப்பில்லாமல் இழுத்துவிட்டார். லேஸை இழுத்தார். இறுகியது தெரியாமல் இன்னும் இழுத்தார். டப்பென்று ஒரு சத்தம்.

"மொதலாளி, ஓட்டை போச்சுங்க."

வலது ஷூவில் லேஸ் கோத்திருந்த மேல் ஓட்டை கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. கிழிந்தது வலது. இடுப்பில் தொங்குவது இடது.

"மேல ஒண்ணு சும்மாத்தானே கெடக்குது. அதுல உடுங்க" என்றேன்.

"அது ஸ்டெப்னிங்க."

"ஸ்டெப்னி பின்ன எதுக்குங்க இருக்குது?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அப்போதுதான் எனக்கே புரிந்தது. இந்த மனிதர் தன் ஆயுளில் எந்த ஸ்டெப்னியையும் எடுத்து மாட்டியதில்லை. ரெண்டாவது குடையை விரித்ததில்லை. ரெண்டாவது கண்ணாடியைப் போட்டதில்லை. வைத்திருப்பதில்தான் அவருக்கு நிம்மதி. எடுத்துவிட்டால் அப்புறம் ஏது?

தூரத்தில் சிஸ்டர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நாற்காலியெல்லாம் காலி. ஸ்டெப்னி கண்ணை மூடி ஒரு தரம் சாமி கும்பிட்டார். லேஸை எடுத்து அந்தக் கடைசி ஓட்டையில் விட்டார். இழுத்துக் கட்டினார். எழுந்திருப்பார் என்று பார்த்தால், இடது ஷூவையும் அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அது எதுக்குங்க இப்ப?"

"ஒரு பக்கம் மட்டும் மாத்துனா அலைன்மென்ட் போயிருமுங்க."

நானும் என் லேஸை இன்னொரு தரம் சரி பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். நான் அப்போதே கிளம்பியிருந்தால் முதல் ஆளாக வந்திருப்பேன், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் உணர்ச்சி இல்லாத காலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தனியாக எப்படி ஓடுவான்?

கடைசியாக எழுந்தவர்கள் நாங்கள் ரெண்டு பேர்தான். பரமத்தி ரோட்டில் ஒவ்வொரு விளக்குக் கம்பம் வந்ததும் அவர் கேட்பார்.

"ஷூவு கால்ல இருக்குதுங்களா மொதலாளி?"

"இருக்குதுங்க. ஓடுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பூட்டுப் போட்டாப்புல இருக்குது. ஓடுங்க சாமி."

பொய் இல்லை. உண்மையிலேயே இருந்தது. எப்போதும் அந்தக் குதிகால் ஷூவுக்குள் எலிப்பொந்தில் எலி போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அசையவில்லை. கடைசி ஓட்டையில் விட்டுக் கட்டியதும் கணுக்காலைச் சேர்த்து அணைத்துப் பிடித்துவிட்டது.

பங்க் வளைவில் முட்டையண்ணனைப் பிடித்தோம். வீட்டிலேயே கட்டிய லேஸ் தொளதொளத்து, ஒரு ஷூ பறந்து இளநீர்க் குவியலுக்குள் போய்விட்டது. இளநீர்க்காரரோடு சேர்ந்து தோசைக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஸ்டெப்னி இருக்குதுங்களா?" என்று கேட்டபடி ஸ்டெப்னி அவரைத் தாண்டினார். அத்தனை வருஷக் கேலிக்கும் அந்த ஒரு வாக்கியம் போதும். தாண்டிய பிறகு மனசு கேட்காமல் திரும்பி, இடுப்பில் இருந்த இடதுகால் ஷூவைக் கழற்றி அவரிடம் வீசினார். அண்ணனுக்குத் தொலைந்ததோ வலது. அதைக் கையில் பிடித்தபடியே அவர் பின்னால் வந்தார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பரிசுக் குக்கரை யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஸ்டெப்னி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நேராகப் போய் சிஸ்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். வேர்வை சொட்டுகிறது, வாய் உலர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பெயிலா பாஸா என்று கேட்கிற முகம்.

முட்டையண்ணன் ஒற்றை வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்து, "சொந்தப் புருசனுக்கு நீங்களே மார்க்குப் போடறதுங்களா சிஸ்டர்?" என்றார்.

"நீங்க மொதல்ல போயி அந்த ரோட்டுக் காலுக்கு ஊசி போட்டுட்டு வாங்க" என்றார் சிஸ்டர், நிமிராமலே. அண்ணன் அதோடு அரைமணி நேரம் கண்ணில் படவில்லை.

சிஸ்டர் லேஸைத் தொட்டுப் பார்த்தார். அவிழவில்லை. ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டார்ச் அடித்து விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதத்தைத் திருப்பினார். குதிகாலைத் துடைத்தார். தகுதிச் சான்றுக்கு லாரியைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்கூட இப்படிப் பார்த்ததில்லை.

"கண்ண மூடுங்க" என்றார் சிஸ்டர். ஸ்டெப்னி மூடிக்கொண்டார்.

"எந்த வெரலத் தொடறேன்?"

"பெருவெரலு" என்றார் ஸ்டெப்னி கணீரென்று.

"இப்ப?"

"சுண்டு வெரலுங்க சிஸ்டர்."

"நான் இன்னும் தொடவே இல்லீங்க."

பார்த்தால் சிஸ்டரின் ரெண்டு கையும் இடுப்பில் இருந்தன. ஸ்டெப்னி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். முதலில் சிரித்தது சிஸ்டர்தான். அந்த அம்மா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையுறை போட்ட கையால் வாயை மூட முடியாமல், முழங்கையால் மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்து இன்னொரு தரம் பார்த்தார். அப்புறம் தானே சாக்ஸைப் போட்டுவிட்டார்.

"காயமில்ல. நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்போணும்? அலாரம் வெக்கோணுமல்ல" என்றார்.

அந்த இளவயசு டாக்டர் வந்து ஷூவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது எக்ஸ்ட்ரா ஓட்டை இல்ல. குதிகால் நழுவாமப் பிடிக்கத்தான் இத வெக்கறாங்க. மொதல்லருந்தே இதுல கட்டியிருக்கணும்" என்று விளக்கினார். ஸ்டெப்னி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டாக்டர் நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "பாத்தீங்களா மொதலாளி, ஸ்டெப்னிதான் காப்பாத்துச்சு" என்றார். மறுநாளே செருப்புத் தைக்கிறவரிடம் போய், அதற்கும் மேலே இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டார். அதில் இதுவரை லேஸ் போனதில்லை.

இப்போதும் ஓடுகிறோம். முட்டையண்ணன் இப்போதும் பேசுகிறார். ஓட்டத்துக்கு முன்னால் ஸ்டெப்னி காலை நீட்டுவார், லேஸ் இறுகியிருக்கிறதா, அதிகம் இறுகிவிட்டதா என்று நான் விரல் விட்டுப் பார்ப்பேன். அப்புறம் என் காலை அவர் பார்ப்பார். என் காலுக்கு ஒரு குறையும் கிடையாது, எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரியும். இருந்தாலும் தினமும் நீட்டுகிறேன். அவர் குனிந்து, அவ்வளவு அக்கறையாக, ரெண்டு தரம் பார்க்கிறார்.